உருண்டை முனை எதற்கு?



எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில், மோட்டாருக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு ஆலன் போல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். சாதாரண எல்-கீ நுழையவில்லை. முனை உருண்டையான பால்-எண்ட் கீயைச் சாய்வாக நுழைத்து, பைப் மாட்டி ஓங்கி அழுத்தினேன். 'டக்'! உருண்டை ஒடிந்து போல்ட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. கட்டிய அபராதம், அப்பாவின் ஒரு நாள் கூலி.

குற்றம் கீ மேல் இல்லை. அது சுமார் 25 டிகிரி சாய்ந்தும் திருகும். அதற்காகவே உருண்டைக்குக் கீழே கழுத்து மெலிந்திருக்கிறது. ஆகவே வேகமாகச் சுற்ற மட்டும் உருண்டை முனை. முதலில் இளக்குவதும் கடைசியில் இறுக்குவதும் குட்டைப் பக்க நேர்முனையில்தான். அது எட்டாத இடமா? மறைக்கிற பாகத்தை முதலில் கழற்றணும். அளவும் முக்கியம்: தலை உருளையான எம்6 போல்ட்டுக்கு 5 மி.மீ. கீ, எம்8-க்கு 6 மி.மீ. இஞ்ச் கீயை அதில் திணித்தால் ஆறு மூலையும் மழுங்கிடும்.

என் கருத்து இதுதான்: டூல் ரூமில் கீயை எடுத்துக் கொடுக்கும் சீனியர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கணும். நாமும் "தெரியலை சார்" என்று கேட்க வெட்கப்படக் கூடாது. அன்று நான் கேட்காததுதான் தப்பு. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத நாம், இங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பது?