ஹாஸ்டல் அறையில் ஒரு சிறு குளம்

பெண்ணை ஹாஸ்டலில் சேர்க்கப் போகும்போது நாம் என்னென்ன கட்டிக் கொடுப்போம்? பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் எண்ணெய், வாளி, மக், இரண்டு பூட்டு, தலைவலித் தைலம். என் பெண் சென்ற வருஷம் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு மாதம் ஆவதற்குள் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "அம்மா, ரூமிலே சின்னதா ஒரு மீன் தொட்டி வெச்சுக்கட்டுமா? செடி வளர்க்கிற தொட்டி" என்று கேட்டாள்.

அந்த ஒரு மாதமும் தினம் ராத்திரி போனில் அழுகைதான். "எனக்கு இங்கே பிடிக்கலை, வந்துடறேம்மா" என்று ஒரே பல்லவி. அப்படி இருக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல மனசு வருமா? அதற்காகச் சட்டென்று 'சரி' என்றும் சொல்லிவிட முடியவில்லை. ஓர் உயிரை வாங்கி வைத்துவிட்டால், பரீட்சை சமயத்தில் அதை யார் பார்ப்பது? லீவு விட்டால் என்ன செய்வது?

யோசித்து மூன்று நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, வார்டன் அம்மாவிடமும், அறையில் கூட இருக்கும் இரண்டு பெண்களிடமும் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். இரண்டு, முதலில் செடி, கடைசியில்தான் மீன். மூன்று, லீவுக்கு அவள் வரும்போது மீனும் வீட்டுக்கு வரவேண்டும். மூன்றுக்கும் ஒப்புக்கொண்டாள்.

இதெல்லாம் ஆண் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பிரான்ஸில் தையல் வேலை செய்துவந்த ழான் வில்ப்ரூ என்ற பெண், கல்யாணமாகி சிசிலித் தீவுக்குக் குடிபோனார். அங்கே ஆக்டோபஸ் ஜாதியைச் சேர்ந்த ஒரு கடல் பிராணியைப் பார்த்தார். அது தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா, வேறொரு பிராணியுடையதை அபகரிக்கிறதா என்று பண்டிதர்களுக்குள் வழக்கு. 1832-ல் இந்த அம்மாள் கண்ணாடித் தொட்டி செய்து, அதை உள்ளே விட்டுக் கண்ணாலேயே பார்த்து, தானே செய்துகொள்கிறது என்று நிரூபித்துவிட்டார். தையல் ஊசி பிடித்த கைதான், பாருங்கள்!

அடுத்து 1850-ல் லண்டன் ரசாயன நிபுணர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் நத்தையையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று துணையாக வாழ முடியும் என்று காட்டினார். செடித் தொட்டியின் சூட்சுமமே இதுதான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கின அன்றே மீனையும் விட்டால் ஒரு வாரத்தில் மிதப்பது இதனால்தான். செடிகளோ அம்மோனியாவை உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. பகலில் பிராணவாயுவும் தருகின்றன. பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் வைத்து, குமிழி குமிழியாக வாயு வருவதை வெயிலில் காட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதிதான்.

டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் எழுதிய புத்தகத்தில், அடியில் சாதாரண மண், நிறையச் செடி, குறைவாக மீன் என்று வைத்தால் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை என்று விளக்கியிருக்கிறார். ஹாஸ்டலுக்கு இது ரொம்பப் பொருத்தம். கரண்ட் போனாலும் கவலையில்லை. ராத்திரி பம்ப் சத்தத்தில் மற்றவர்களுடைய தூக்கமும் கெடாது.

இனி செய்முறை. ஓரடி நீளம், முக்காலடி அகலம், முக்காலடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். அதில் சுமார் 16 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மணலோடு சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே உறுதியான மேஜைமேல்தான் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம். எரு கலக்காத தோட்டத்து மண்ணைச் சலித்து ஓர் அங்குலம் பரப்பவேண்டும். அதன்மேல் ஆற்று மணலை, அரிசி களைகிற மாதிரி தண்ணீர் தெளியும் வரை அலசி, இன்னோர் அங்குலம் போடவேண்டும். மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெள்ளத் தண்ணீர் விட்டால் மண் கலங்காது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றலாம். அவசரத்துக்கு மீன் கடையில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கிடைக்கும்.

வேகமாக வளர ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் வேண்டும். மங்கலான வெளிச்சத்துக்கு ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ் நல்லது. இந்த இரண்டின் தடித்த தண்டையும் மண்ணில் புதைக்கக்கூடாது. புதைத்தால் அழுகிவிடும். நூலால் ஒரு கல்லில் கட்டிவிடவேண்டும். எல்.இ.டி. விளக்கு தினம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். நேர் வெயில் பட்டால் பாசி பிடித்துவிடும்.

மீன் இல்லாத அந்த நாலைந்து வாரமும் ஒரு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்கு அழைப்பு மாதிரி! கொசுவலைத் துணியால் தொட்டியின் வாயை இறுக்கிக் கட்டிவிடவேண்டும். அறைத் தோழி ஒருத்தி முதலில் ஆட்சேபித்ததே கொசுவுக்குப் பயந்துதான். வலை கட்டியதும் சமாதானமாகிவிட்டாள்.

மூன்றாம் வாரம், இன்டர்னல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, போன் வந்தது. "எல்லாம் செத்துப் போச்சும்மா. நான் எது செஞ்சாலும் இப்படித்தான். நாளைக்கே கிளம்பி வந்துடறேன்" என்று ஒரே அழுகை. விசாரித்தால், அவள் ஆசையாக வாங்கிய கிரிப்டோகோரைன் செடி, இலையெல்லாம் கூழாகி விழுந்துவிட்டதாம். இலங்கையின் ஓடைகளில் பிறந்த செடி அது. இடம் மாறினால் அப்படித்தான் பழைய இலையை எல்லாம் உதிர்த்துவிடும் என்று மீன் கடைக்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். "வேரைப் பிடுங்காதே கண்ணு. அழுகின இலையை மட்டும் எடுத்துப் போடு. வேர் உயிரோடதான் இருக்கும். புதுத் தண்ணிக்குத் தகுந்த மாதிரி புது இலை விடும். மூணு வாரம் பொறு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிம்மா, படிக்கப் போறேன்" என்று வைத்துவிட்டாள். இருபது நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு புது இலை. வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்ற பேச்சு அதற்கப்புறம் குறைந்துபோயிற்று. செடியினால்தானா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆறாவது வாரம்தான் மீன் வந்தது. ஒரே ஒரு ஃபைட்டர் மீன். இது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் ஜாதி. ஆகவே பம்ப் வேண்டாம். இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் சண்டைபோட்டே செத்துவிடும். தங்கமீன் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது, மிகவும் பெரிதாகிவிடும். கப்பியில் ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் மாதாமாதம் பிரசவம்தான்! ஹாஸ்டலில் யார் மருத்துவம் பார்ப்பது?

தீனி தினம் ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. 'ஐயோ பாவம்' என்று தோழிகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் தண்ணீர் கெட்டு மீனுக்கே ஆபத்து. வாரம் ஒரு முறை கால் பங்கு, அதாவது நாலு லிட்டர், எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றவேண்டும். எடுத்த தண்ணீர் வராந்தா பூந்தொட்டிகளுக்கு நல்ல உரம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடக்கூடாது. மீன் தொட்டித் தண்ணீரிலிருந்து ஆறாத புண் உண்டாக்கும் ஒரு கிருமி தொற்றலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடவே கூடாது.

நாலைந்து நாள் லீவு என்றால் வளர்ந்த மீன் பட்டினி தாங்கும். நீண்ட லீவுக்கு, முதல் நாள் தீனியை நிறுத்திவிட்டு, வாயகன்ற பாட்டிலில் முக்கால் அளவு தொட்டித் தண்ணீரோடு எடுத்து வரலாம். மூடியில் துளை இருக்கட்டும்.

படிப்பு முடிந்து தொட்டியைக் கலைக்கும்போது, 'புண்ணியம்' என்று மீனையோ செடியையோ ஏரியில் விடாதீர்கள். யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத் தாமரை, அழகுக்காக அந்நிய தேசத்திலிருந்து கொண்டுவந்ததுதானே!

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இப்படிக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள், உடனே வாங்கியும் கொடுக்காதீர்கள். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாலு தண்டு ஹைட்ரில்லாவைப் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டி, ஒரு மாதம் பசுமையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது தழைத்தால் தைரியமாகத் தொட்டிக்குப் பணம் கொடுக்கலாம்.