தொட்டில் துணியும் தொழுகை ஆடையும்

தலைப்பிள்ளை பிறந்த வீடுகளில் இன்று மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே எழும் முதல் வழக்கு, குழந்தையின் இடுப்பில் எதைக் கட்டுவது என்பதே. கடையில் விற்கும் டயாப்பரை வாங்கி வரச் சொல்கிறாள் மருமகள். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியே அத்தனை பிள்ளைகளையும் வளர்த்தோம் என்கிறார் மாமியார். இவ்வழக்கில் பெரும்பாலும் செலவே பேசப்படுகிறது. நமக்கு அதனினும் முதன்மையானது தஹாரத் அன்றோ?

பச்சிளங் குழந்தையின் சிறுநீர் பற்றி மார்க்கம் காட்டியுள்ள சலுகையைப் பலரும் அறியார். உம்மு கைஸ் (ரலி) அவர்கள், உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் மகவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். மடியில் அமர்ந்த குழந்தை ஆடையை நனைத்துவிட்டது. நபியவர்கள் தண்ணீர் கொணரச் செய்து தெளித்தார்கள், கழுவவில்லை. புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி உண்டு. பாலே உணவாக உள்ள, இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தைக்கு இது போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இருபாலருக்கும் கழுவுதலே சட்டம். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈயும் உள்நாட்டில் ஹனஃபியும் மிகுந்துள்ள நம் தமிழகத்தில், சம்பந்தம் செய்துகொள்ளும் வீடுகள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். மலத்தைப் பொறுத்தவரை எவருக்கும் சலுகை இல்லை.

துவைப்பதில்தான் பெரும் பிழை நேர்கிறது. மலம் பட்ட துணியை வாளியில் அப்படியே முக்கி, அந்நீரிலேயே பிற துணிகளையும் அலசுகின்றனர். இரு குல்லத்துக்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால் அந்நீர் முழுவதும் நஜீஸாகிவிடும் என்பது ஷாஃபிஈ சட்டம். ஆகவே முதலில் மலத்தை அகற்றுங்கள். குழாயடியில் நீரை ஓடவிட்டுத் துணியைக் கழுவுங்கள். அதன் பின்னரே வாளிக்குக் கொண்டு செல்லுங்கள். சலவை இயந்திரத்திற்கும் இதுவே வழி.

டயாப்பரோ நஜீஸை மறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே நபியவர்கள் தொழுததுண்டு. அதைச் சொல்லிக்கொண்டு, நனைந்த டயாப்பருடன் பிள்ளையைத் தூக்கித் தொழுவது ஷாஃபிஈ சட்டத்தில் செல்லாது. கழற்றியதை வாய்க்காலிலும் தெருமுனையிலும் எறிவது அதனினும் கொடுமை. மக்கள் நடக்கும் பாதையில் மலசலம் கழிப்பதைத் தடுத்த மார்க்கம், மலப்பொதியை அங்கே வீசுவதை ஏற்குமா? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அதனை நன்கு பொதிந்து உலர்குப்பைத் தொட்டியில் இடவே சொல்லின.

துணியே எப்போதும் மேல் என்றும் நான் சாதிக்கவில்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, துணியின் நன்மை துவைக்கும் முறையைப் பொறுத்தது என்றே கண்டது. இயந்திரம் நிறையத் துணியிட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே பயன்படுத்தினால்தான் ஆதாயம். வெயிலுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை, தண்ணீருக்கு உண்டு.

என் மருமகள் நிஃபாஸ் முடிந்து குளித்த பின்னும் பல நாள் தொழாதிருந்தாள். காரணம் கேட்டபோது, ‘உடுத்துவதெல்லாம் நஜீஸாகிறது மாமா, எதை உடுத்தித் தொழுவேன்?’ என்று கண் கலங்கினாள். தொழுகைக்கென்றே ஓர் உடையைத் தனியே எடுத்து வைத்தோம். இரவிலும் பயணத்திலும் டயாப்பர், பகலில் துணி என்று முடிவாயிற்று. அத்தகைய தாய்க்கு டயாப்பர் ஆடம்பரமன்று என்பதே என் கருத்து.

துவைப்பது யார் என்ற கேள்வி எஞ்சியது. நபியவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததை மகனிடம் சொன்னேன். இப்போது சுப்ஹு தொழுதுவிட்டு அவன்தான் குழாயடியில் நிற்கிறான். முதலில் முகம் சுளித்த அவன் உம்மா, இந்நாளில் சோப்பை எடுத்துக் கொடுக்கிறாள்.