வெற்றுக் காசோலையும் வியாபாரியின் நோட்டும்

காசோலை திரும்பி வந்தால் அதை எழுதிக் கொடுத்தவரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்கு இந்தியச் சட்டம் கடுமையானது. ஆனால் பழவேற்காடு ஏரிக்கரையில் இறாலையும் நண்டையும் எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பதிலாகக் காசோலை பெற்றுச் செல்லும் மீனவருக்கு அந்தக் கடுமை எளிதில் துணைக்கு வருவதில்லை. அவருக்கு முன்பணம் கொடுத்தவரிடம் அவர் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஒன்று இருந்துவிட்டாலோ, அதே கடுமை முழு வேகத்தோடு அவர்மேலேயே பாய்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் உள்ள 138ஆம் பிரிவை நீக்க வேண்டியதில்லை. ஆனால் கடன் கணக்கைக் கேளாமல் கையெழுத்தை மட்டும் பார்த்து அப்பிரிவு இயங்கும் நிலை மாற வேண்டும்.

பழைய சட்டத்தில் காசோலை திரும்புவது குற்றமாக இருக்கவில்லை. ஏமாற்றும் நோக்கம் இருந்ததென்று மெய்ப்பித்தால் மட்டுமே மோசடி வழக்கு நிற்கும் என்ற நிலையில், 1988இல் திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் 138ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. கடனையோ வேறு சட்டப்படியான பொறுப்பையோ தீர்ப்பதற்காகக் கொடுத்த காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்று திரும்பினால், அதை வரைந்தவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கணக்கை மூடிவிட்டதும், பணம் தர வேண்டாமென்று வங்கிக்கு எழுதிக் கொடுத்ததும்கூட இதற்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1990களின் இறுதியிலேயே தெளிவுபடுத்திவிட்டது. வடிவத்தில் குற்ற வழக்காக இருந்தாலும் உள்ளே இருப்பது கொடுக்கல் வாங்கல்தான் என்பதால், 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இதை ஓநாய்த் தோல் போர்த்திய ஆட்டுக்கு ஒப்பிட்டது. ஆட்டைப் பார்ப்பவர் யார், ஓநாயைப் பார்ப்பவர் யார் என்பது எந்தக் கரையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இப்பிரிவின் உயிர் நாட்கணக்கில் இருக்கிறது. காசோலையை அதன் தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். அது திரும்பிய செய்தி கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்து மூலமாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். மார்ச் 3ஆம் தேதி வங்கி ‘ரிட்டர்ன் மெமோ’ என்னும் திருப்புச் சீட்டைத் தந்தால் ஏப்ரல் 2க்குள் அறிவிப்பு புறப்பட்டிருக்க வேண்டும். அது ஏப்ரல் 7இல் சேர்ந்தால் 22ஆம் தேதியோடு அவகாசம் முடிகிறது. 23ஆம் தேதி வழக்குத் தொடுக்கும் உரிமை பிறந்து மே 23 வரை நிற்கிறது. அறிவிப்பில் காசோலைத் தொகை துல்லியமாக இருக்க வேண்டும், தட்டச்சுப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் தாக்கல் செய்வதில் நேரும் தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்கலாம். அறிவிப்பு அனுப்பத் தவறிய 30 நாளை மன்னிக்கச் சட்டத்தில் வழியில்லை. காசோலை செல்லுபடியாகும் காலத்துக்குள் அதை மீண்டும் செலுத்தி, மீண்டும் திரும்பினால் புதிதாக 30 நாள் பெறலாம் என்பது ஒன்றே மிச்சமிருக்கும் வழி.

“அடுத்த வாரம் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்ற ஒரு சொல்லுக்கு இந்த நாட்கணக்கு முழுவதையும் தின்றுவிடும் ஆற்றல் உண்டு. அடுத்த நாளும் அதே வியாபாரியிடம்தான் நண்டுக் கூடையை இறக்கியாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி உறவைக் கெடுத்துக்கொள்ளத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கம் ஒரு மாதம் நீடித்தாலே குற்ற வழக்கின் கதவு மூடிவிடக்கூடும். அதற்குப் பிறகு எஞ்சுவது மூன்றாண்டுக் கால வரம்புக்குள் பணத்தைக் கேட்டுத் தொடுக்கும் உரிமையியல் வழக்கு மட்டுமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி, எதிர்வாதத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் சுருக்க முறை வழக்கை அதில் நாடலாம் என்றாலும், நீதிமன்றக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால் சில ஆயிரம் ரூபாய் இறால் பாக்கிக்கு அந்த வழியில் போகிறவர் குறைவு.

எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்வியில் மட்டும் சட்டம் மீனவர் பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறது. காசோலை வரைந்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்கு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சூலூர்ப்பேட்டை வியாபாரி கொடுத்த காசோலைக்குப் பழவேற்காட்டு மீனவர் மாநில எல்லையைக் கடந்து ஆந்திர நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்திருக்கும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, இறாலும் நண்டும் எல்லை பாராமல் விலைபோகும் இடம் இது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தலைகீழாக்கி, காசோலையைத் தம் கணக்கில் செலுத்தியவரின் வங்கிக் கிளை எங்கிருக்கிறதோ அங்கே வழக்குத் தொடுக்கலாம் என்றாக்கியது. பழவேற்காட்டுக் கிளையில் கணக்கு வைத்திருப்பவர் பொன்னேரியிலேயே வழக்குப் போடலாம்; காசிமேட்டு வியாபாரியானாலும் சூலூர்ப்பேட்டை வியாபாரியானாலும் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதே திருத்தம், வெளியூரில் கணக்கு வைத்திருக்கும் கடன் கொடுத்தவருக்கும், மீனவரைத் தம் ஊர் நீதிமன்றத்துக்கு இழுக்கும் உரிமையைத் தந்துவிட்டது.

இங்கேதான் முன்பணத்தின் கதை தொடங்குகிறது. பழவேற்காட்டுக்கு முன்பணம் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் கெல்டிரியா கோட்டையில் அமர்ந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்து, அவர்கள் வழியாக நெசவாளர்களைத் தறியோடு கட்டிப்போட்டுத்தான் துணியை வாங்கியது. இன்றைய முன்பணம் தோணிக்கும் வலைக்கும் மோட்டார் பழுதுக்கும் வாங்கப்படுகிறது. வாங்கியவர் பிடித்ததைக் கொடுத்தவரிடமே விற்க வேண்டும், விலையை அவரே சொல்வார், ஒவ்வொரு நாளும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார் என்பது தமிழகக் கடற்கரை முழுவதும் அறிந்த ஏற்பாடு. கழித்த தொகை எழுதப்படும் இடம் வியாபாரியின் நோட்டு. மீனவர் கையில் அதற்கு நகல் இருப்பதில்லை.

எழுத்தில்லாமல் கணக்கு வைப்பதில் இவ்வூர்கள் கைதேர்ந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் நிலவிவரும் ‘பாடு’ முறையில், ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் வலை கட்டும் உரிமை முறைவைத்துப் பங்கிடப்படுகிறது. எந்த நாளில் எந்த வலைக்கு எந்த இடம் என்பதை ஊர் நினைவில் வைத்திருக்கிறது, தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கிறது. எல்லாரும் ஒரே கரையில் இருப்பதால் அந்த நினைவு பொய்ப்பதில்லை. முன்பணக் கணக்கு அப்படிப்பட்டதன்று; அதில் ஒருவர் கையில் நோட்டும் மற்றவர் கையில் வெறும் நினைவும் இருக்க, வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கேட்பது தாளைத்தான்.

அந்தத் தாளாகக் காசோலை வரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் இக்காலத்தில் காசோலை பணம் கொடுக்கும் கருவியாகத் தேய்ந்துவந்தாலும், தமிழ்நாட்டில் தனியார் கடன் புழங்கும் இடங்களிலெல்லாம் பிணைப் பொருளாக அது நன்றாகவே வாழ்கிறது. தேதியும் தொகையும் பெயரும் எழுதாமல் கீழே வலது மூலையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் தாள் அது. சட்டத்தின் 139ஆம் பிரிவு, காசோலையை வைத்திருப்பவர் அதைக் கடனுக்காகவே பெற்றார் என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் விழுகிறது. மனமுவந்து கொடுத்த வெற்றுக் காசோலையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் இந்த ஊகம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2021இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றிலும் அதையே உறுதிசெய்தது. காசோலையின்மேல் வணிக உலகத்துக்கு நம்பிக்கை இருக்க வேண்டுமானால் இந்த ஊகம் தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் இரு வணிகர்களுக்கிடையே நியாயமாக இருக்கும் விதி, நோட்டு ஒருவரிடமே இருக்கும் உறவில் அதே நியாயத்தோடு இயங்கும் என்று எதிர்பார்ப்பது பிழை.

இதற்கு மாற்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 20 லட்சம் ரூபாய்க் கடனில் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல் திருப்பிக் கொடுத்த பிறகும் முழுத் தொகைக்கான காசோலையை வங்கியில் போட்ட வழக்கில், காசோலை செலுத்தப்பட்ட நாளன்று உண்மையில் நிலுவையில் இருந்த கடன் அந்தத் தொகை அன்று என்பதால் 138ஆம் பிரிவின்படி குற்றமே நிகழவில்லை என்று 2022இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பகுதித் தொகை வந்திருந்தால் அதைக் காசோலையிலேயே குறித்துவிட்டு மீதிக்கு மட்டும் செலுத்த வேண்டும் என்பது சட்டத்தின் 56ஆம் பிரிவு காட்டும் வழி. நாள்தோறும் இறால் எடையில் கழிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் இப்படிப்பட்ட பகுதித் தொகைதான். அந்தத் தீர்ப்பு பழவேற்காட்டு மீனவருக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவைப்படும் சான்று எதிராளியின் நோட்டில் இருக்கிறது என்பதுதான் அவருடைய துயரம்.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003இலேயே தனிச் சட்டம் இயற்றியது; தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அது தடை செய்திருக்கிறது, மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் வட்டியைத் தனியாக எழுதாமல் இறாலின் விலையைக் குறைத்து எடுத்துக்கொள்ளும் முன்பணத்தில் வட்டியென்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது என்பதால் அச்சட்டம் இங்கே பெரும்பாலும் வாயடைத்து நிற்கிறது.

காசோலை வழக்குகளைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்ற யோசனையை 2020இல் மத்திய நிதியமைச்சகம் முன்வைத்தது; எதிர்ப்பு எழுந்த பின் அது நடைமுறைக்கு வரவில்லை. கைவிடப்பட்டது நல்லதுதான், ஏனெனில் வியாபாரியின் காசோலை திரும்பும்போது மீனவர் கையில் இருக்கும் ஒரே கனமான கருவியும் அப்போது போயிருக்கும். வழக்குகள் தேங்கியிருப்பதை அந்த யோசனைக்குக் காரணமாகச் சொன்னார்கள். 2019 இறுதியில் நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்பது உண்மை, ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்ற 143ஆம் பிரிவு ஏட்டளவில் நிற்பதும் உண்மை. அந்தத் தேக்கத்தின் வலியைக் குறைக்கவே 2018இல் 143ஏ பிரிவு வந்தது; வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு வழங்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. இந்த 20 சதவீதம் இரு பக்கமும் வெட்டும். வியாபாரியிடமிருந்து பாக்கி வர வேண்டிய மீனவருக்கு அது அடுப்பெரிக்கும் பணம். வெற்றுக் காசோலையில் இரண்டு லட்சம் என்று நிரப்பப்பட்டவருக்கோ, குற்றம் மெய்ப்பிக்கப்படுவதற்கு முன்பே 40,000 ரூபாய் கட்டச் சொல்லும் ஆணை. அது கட்டாயமன்று, வழக்கின் முகத்தோற்றத்தையும் எதிரியின் நிதி நிலையையும் பார்த்தே வழங்க வேண்டும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியதை நடுவர்கள் ஒவ்வொரு வழக்கிலும் நினைவில் கொள்ள வேண்டும்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களில் ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு காசோலைப் புகாரின் முகப்பிலும் தரப்பினர், காசோலை, அது திரும்பிய விவரம், அறிவிப்பு முதலியவற்றைச் சுருக்கமாகச் சொல்லும் குறிப்புத் தாள் ஒன்று இருக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. எதிரி தம் சாட்சியத்தைத் தொடங்குவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டால் சமரசத்துக்காகக் கூடுதல் செலவுத் தொகை எதுவும் கட்ட வேண்டாம் என்றும் தளர்த்தியது. அந்தக் குறிப்புத் தாளில் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும்: கடன் எந்த நாளில் எந்த வழியில் கொடுக்கப்பட்டது என்பது ஒன்று, காசோலை செலுத்தப்பட்ட நாள் வரை பணமாகவோ பொருளாகவோ எவ்வளவு திரும்ப வந்தது என்பது மற்றொன்று. 139ஆம் பிரிவின் ஊகம் அதனால் ஒரு நூலும் குறையாது. பொய்யாக எழுதினால் அதற்கு விளைவு உண்டு என்ற அச்சமும், நோட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க எதிர்த்தரப்புக்கு ஒரு பிடியும் மட்டுமே கூடும். நேர்மையாகக் கடன் கொடுத்தவருக்கு இரண்டு வரி எழுதுவது சுமையாக இருக்க முடியாது.

மற்றது, கரையிலேயே செய்ய வேண்டிய வேலை. திருப்புச் சீட்டோடு வரும் மீனவருக்கு முப்பது நாள் கணக்கைச் சொல்லி அறிவிப்பு எழுதித் தரவும், நீதிமன்ற அழைப்பாணையோடு வருபவரிடம் வியாபாரி கழித்த தொகைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளவும், இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பவும் ஓர் இடம் தேவை. மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் உடன்பாடு உரிமையியல் தீர்ப்பாணைக்கு இணையானது, மீறினால் அதைக் கொண்டே பணத்தை வசூலிக்கலாம். பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான் தூரம். மாதம் ஒருநாள் அந்தத் தூரத்தைக் கடந்து வந்து ஏரிக்கரையில் அமரும் முகாமை, அடுத்த இறால் பருவம் தொடங்குவதற்குள் பொன்னேரி வட்டச் சட்டப் பணிகள் குழு தொடங்க வேண்டும்.