எசுப்பானியத்துக்கு ஆங்கிலமா வாயிற்காவல்?

1956-ஆம் ஆண்டு பாரிசில் ஒரு நூல் வெளிவந்தது. புதுவையைச் சூழ்ந்த பழம்புதைகாடுகளை அகழ்ந்தாய்ந்த காசால் என்னும் பிரெஞ்சு ஆய்வாளரின் நூல் அது. அதன் தலைப்பிலேயே நம் சுத்துக்கேணியின் பெயர் உண்டு. அப்பெயரை அவர் பிரெஞ்சு எழுத்தில், பிரெஞ்சு ஒலிமுறைக்கேற்ப, ஏகார எழுத்தின் தலையில் பிரெஞ்சுக் கோடு ஒன்றும் இட்டு எழுதினார். அதில் குற்றம் காண்பதற்கில்லை. அயலூரின் பெயரைத் தம் மொழியார்க்குத் தம் மொழியின் வாயிலாக உணர்த்தினார். நம் பிள்ளைகள் அயன்மொழி கற்கும்போது நாம் இதைச் செய்கிறோமா என்பதே என் வினா.

அதே சுத்துக்கேணியில் தமிழ்வழியில் பயின்ற மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். எசுப்பானியம் கற்க விழைந்து வாங்கியது, ஆங்கிலவழி எழுதப்பட்டது. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் மொழியைக் கற்க ஒருவன் விரும்பினால் அதைப் பாராட்ட வேண்டும். தனித்தமிழ் பேணுவோர் பிறமொழி கற்பதை வெறுப்பவர் என்று பழிதூற்றுவோர் இன்றும் உளர். கலப்பை வெறுக்கிறோமேயன்றிக் கல்வியை வெறுத்ததில்லை.

“ஐயா, இதில் ‘இருத்தல்’ என்பதற்கு இரண்டு வினைகள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத்தான் பொருளாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை” என்றான்.

“தம்பி, ஆங்கிலத்தை மூடிவை. ‘அவள் ஆசிரியை’ என்பதற்கும் ‘அவள் வீட்டில் இருக்கிறாள்’ என்பதற்கும் என்ன வேறுபாடு?” என்று கேட்டேன்.

“முதலாவதில் வினையே இல்லை, பெயர்ப்பயனிலை. இரண்டாவதில் ‘இருக்கிறாள்’ என்னும் வினைமுற்று வருகிறது” என்றான்.

எசுப்பானியன் முதலாவதற்குச் ‘சேர்’ என்னும் வினையை ஆள்கிறான். இரண்டாவதற்கு ‘எசுத்தார்’ என்பதை ஆள்கிறான். ஒருவர் இன்னார் என்று சொல்ல ஒன்று, எங்கே எந்நிலையில் இருக்கிறார் என்று சொல்ல மற்றொன்று. ஆங்கிலம் அறியாத இவ்வேறுபாட்டைத் தமிழ்ப்பிள்ளை தாய்மடியிலேயே அறிந்திருக்கிறது. எல்லா இடத்தும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ‘உயரமாக இருக்கிறாள்’ என்று நாம் சொல்லுமிடத்து எசுப்பானியன் ‘உயரமானவள்’ என்ற கருத்தில் முதல் வினையையே ஆள்வான். ஆயினும் பாதிவழி கடந்தாயிற்று. அதுவும் இருந்த இடத்திலிருந்தே!

இவ்வாறு இன்னும் பல. பேசுகிறேன் என்பது ‘ஆப்லோ’. பேசுகிறாய் என்பது ‘ஆப்லாசு’. பேசுகிறோம் என்பது ‘ஆப்லாமோசு’. ஈற்றைக் கேட்ட அளவிலேயே பேசுவோன் யாரென விளங்குவதால் நான், நீ என்னும் எழுவாயைச் சொல்ல வேண்டுவதில்லை. தோன்றா எழுவாய் என்று நம் இலக்கணம் பெயரிட்டு வைத்ததும் இதுவே. ஆங்கிலத்திலோ எழுவாயை நீக்கினால் தொடர் நில்லாது. புதுவையார் பழகிய பிரெஞ்சிலும் நில்லாது. ஆங்கிலவழி கற்பவன் ஒவ்வொரு தொடர்க்கும் முன்னே ஓர் எழுவாயை ஒட்டிவைத்துப் பிறகு அதைக் கிள்ளியெறியக் கற்கிறான். தமிழ்ப்பிள்ளைக்கு இவ்வீண்வேலை எதற்கு?

‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதை எண்ணிப் பாருங்கள். எசுப்பானியத்தில் அது ‘மே குசுத்தா’. ‘மே’ என்பது ‘எனக்கு’. பிடிக்கும் பொருளே எழுவாய். நூல் ஒன்றாயின் ‘குசுத்தா’, பலவாயின் ‘குசுத்தான்’. நாம் பிடிக்கிறது, பிடிக்கின்றன என்பதுபோலவே! ஆங்கிலமோ ‘நான்’ என்று எழுவாயைத் தலைகீழாக்கிவிடுகிறது. அதன்வழி கற்போர் இவ்விடத்தில் தடுமாறுவது உலகறிந்த செய்தி. பெரியோரை ‘நீங்கள்’ என்றும் ஒத்தாரை ‘நீ’ என்றும் விளிக்கும் முறையும் அங்குண்டு. நாம், நாங்கள் என்னும் நுட்பம் மட்டும் அவர்களிடம் இல்லை.

தமிழ் துணைநில்லாத இடமும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. உயிரற்ற பொருள்கட்கும் ஆண்பால், பெண்பால் வகுப்பது அம்மொழி. நூல் ஆண்பால், மேசை பெண்பால். ஓகார ஈறு பெரும்பாலும் ஆண்பால் என்பர். ஆனால் கையைக் குறிக்கும் ‘மானோ’ ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். பொருள்நோக்கித் திணையும் பாலும் வகுத்த நமக்கு இது விந்தையாகவே தோன்றும். மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை.

மேசை என்றேனல்லவா? எசுப்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் அது ‘மேசா’. போர்த்துக்கீசியர் வழி நம் கடற்கரையில் இறங்கிய சொல் அது. சன்னலும் சாவியும் அவ்வாறே. நம்மவருள் சிலர் ‘மிசை’ என்பதிலிருந்து மேசையைப் பிறப்பிக்க முயல்கின்றனர். நான் உடன்படேன். இலத்தீனத்தில் ‘மென்சா’ என நின்று, எசுப்பானியம் வரை வழிவழி வந்த சொல்லுக்கு நாம் உரிமை கொண்டாடினால், நம் மெய்யான உரிமைகளையும் உலகம் ஐயுறும். சன்னலுக்குச் சாளரமும் பலகணியும் இருக்கின்றன; அவற்றை ஆள்வோம். வந்த சொல்லை வந்த சொல் என்றே சொல்வோம்.

நிறுத்தற்குறியிலும் ஒரு சுவை உண்டு. எசுப்பானியத்தில் வினாத்தொடரின் இறுதியில் மட்டுமன்றி, முதலிலும் ஒரு வினாக்குறி தலைகீழாக நிற்கும். 1713-இல் தோன்றிய அவர்தம் அரசுமொழிக் கழகம் 1754-இல் வகுத்த முறை அது. ‘அவன் வருகிறான்’ என்பதும் ‘அவன் வருகிறானா’ என்பதும் அம்மொழியில் சொல்லளவில் ஒன்றாகவே இருக்கக்கூடும், குரலே வேறுபாடு. நெடுந்தொடரைப் படிப்பவன் வினா என்பதை முன்னரே உணரவேண்டாமா? அதற்கே அக்குறி. தமிழில் எகரமும் யாவும் முதலில் நின்றும், ஆகார ஓகாரங்கள் ஈற்றில் நின்றும், ஏகாரம் ஈரிடத்தும் நின்றும் வினாவை உணர்த்திவிடும். ஓலையில் குறியின்றியே நம் முன்னோர் வினவினர், விடையும் பெற்றனர். நாம் இன்று இடும் வினாக்குறி அச்சோடு வந்த ஐரோப்பிய வழக்கம். தீங்கில்லை, இருக்கட்டும்.

அவர்களிடம் நாம் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. நம் ஞகர ஒலிக்கு அவர்கள் னகர எழுத்தின் மேல் ஓர் அலைக்கோடு இடுவர். இடைக்கால ஏடெழுதுவோர் இரட்டை னகரத்தைச் சுருக்கி எழுதியதால் பிறந்த எழுத்து அது. அவ்வலையை விட்டுவிட்டால் ‘ஆண்டு’ என்னும் சொல் அவையில் சொல்லத் தகாத சொல்லாகிவிடும்! கணினி விசைப்பலகையில் அவ்வெழுத்து இருந்தே தீரவேண்டும் என்ற எசுப்பானிய விதி வணிகத்துக்குத் தடை என்று 1991-இல் ஐரோப்பியக் குமுகாயம் கூறியது. நாடே கொதித்தது. கடல் கடந்த கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்குவெசும் அவ்வெழுத்துக்காகக் குரல்கொடுத்தார். 1993-இல் எசுப்பானிய அரசு ஆணையிட்டு அதைக் காத்துக்கொண்டது. ஒரே ஓர் எழுத்துக்காக! இங்கோ ழகரத்தை ஒலிக்கத் தெரியாமல் தொலைக்காட்சியில் செய்தி படிக்கிறார்கள்.

அம்மாணவனுக்குத் தேவை தமிழ்வழி எழுதப்பட்ட ஓர் எசுப்பானியப் பாடநூல். புதுவையில் பிரெஞ்சும் தமிழும் ஒருங்கறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சின் உடன்பிறப்பே எசுப்பானியம். அவர்கள் முனைந்தால் இயலும். முதற்பாடம் ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதாக இருக்கட்டும். பால் வேறுபாட்டை மூன்றாம் பாடத்துக்குத் தள்ளிவைக்கலாம். சுத்துக்கேணித் தம்பி அதற்குள் எழுவாய் இல்லாமலே எசுப்பானியம் பேசத் தொடங்கியிருப்பான்.