இலக்கணம் தேடியவர் கண்ட கவிதை

“மொழியியல் மொழியைக் கூறு போடுகிறது; கவிதை உள்ளத்தைத் தொடுகிறது. இரண்டிற்கும் என்ன உறவு?” சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் இவ்வாறு முழங்கினார். கைதட்டல் எழுந்தது. நான் கைதட்டவில்லை. வேதியியல் மாணவனாகிய எனக்குப் பகுத்துப் பார்ப்பது பழியாகத் தோன்றவில்லை.

தொல்காப்பியத்தைப் பாருங்கள். எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்கள். ஒலி பிறக்கும் இடத்தைக் கூறிய நூலே காதலுக்கும் போருக்கும் செய்யுளுக்கும் இலக்கணம் கூறிற்று. இவற்றைப் பிரித்து வைத்தது பிற்காலம் அன்றோ?

இனி, இக்கன்னட மண்ணில் பிறந்த ஒருவரைப் பார்ப்போம். 1929இல் மைசூரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. இராமானுசன். வீட்டிலே தமிழ், வெளியிலே கன்னடம். பழந்தமிழோ அவர் பயிலாதது. மொழியியல் கற்க அமெரிக்கா சென்ற அவர், 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடினார். கைக்குக் கிட்டியதோ குறுந்தொகை! 1967இல் அதன் பாடல்கள் பல அவருடைய ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

அவருக்கு மொழியியல் எவ்வாறு உதவிற்று? “காந்தி பசாரில் நேற்று வாங்கிய பூ” என்கிறோம். தமிழில் கடைவீதி முன்னே வரும். பூ இறுதியில் மலரும். ஆங்கிலத்திலோ பூ முதலில் வந்துவிடும். அகப்பாடல்கள் பலவற்றில் மலையும் சுனையும் முன்னே வர, நெஞ்சம் பின்னே வருகிறது. தொடரமைப்பு அறிந்தவருக்கே அவ்வரிசையின் அருமை விளங்கும். அதைக் காக்கவே அவர் வரிகளை உடைத்துப் படிப்படியாக அடுக்கினார்.

பகுத்தறிந்தால் மட்டும் சுவை வந்துவிடுமா? வாராது. உப்பின் கூறுகளை அறிந்தவனும் நாவில் இட்டே சுவை அறிகிறான். ஆயினும், “சுவையுணர்வு உடையவனுக்கே கவிதை” என்போர் பிறருக்குக் கதவை அடைக்கின்றனர். இலக்கணம் அக்கதவைத் திறக்கிறது.

நம் மன்றத்தில், பெங்களூரிலேயே வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தம்பி தங்கையர் உளர். அவர்கள் தடுமாறும்போது, தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் நகைத்திருக்கிறோம். நானும் நகைத்தேன், இன்று நாணுகிறேன். குறுந்தொகையைத் தனியே கொடுத்தால் எனக்கும் பொருள் விளங்காது!

ஆகவே, நண்பர்களே, வாரம் ஒரு குறுந்தொகைப் பாட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் எட்டடிக்கு மேற்படாதவை அவை. சொல் பிரித்து, தொடர் கண்டு, பிறகு வாய்விட்டுப் படிப்போம். கைதட்டலை அதன்பின் வைத்துக்கொள்வோம்.