யாருக்குப் பதில் சொல்ல?

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமானால் காட்டுக்குப் போய்த் தனியே உட்கார்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அப்படி உட்கார்ந்த ஒருவர் கண்டிக்குப் பக்கத்து வத்தேகமைக்காரர்களுக்கு எட்டிய தூரத்திலேயே நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார். மடவளை வழியாகக் கண்டிக்குப் பஸ் ஏறிப் போனால், தலதா மாளிகைக்குப் பின்னால் கரும்பச்சையாய் எழும் உடவத்தகெலே காடு தெரியும். அதற்குள் ஒரு குடில். அங்கே வாழ்ந்தவர் ஞானபொனிக்க தேரர். 1901இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர்தான் அவர். 1936இல் இலங்கை வந்து துறவியானார். கண்டி வாவிக்கரையில், சங்கராஜ மாவத்தையில் இருக்கிறதே பௌத்த வெளியீட்டுச் சங்கம், அதை 1958இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1994இல் அந்தக் குடிலிலேயே காலமானார்.

அவர் போதித்தது சுருக்கமானது. மூச்சு வருகிறதா, வருகிறது என்று பார். கோபம் வருகிறதா, வருகிறது என்று பார். அதன்மேல் கதை கட்டாதே. அர்த்தம் தேடி அலைவதும் அப்படிக் கட்டுகிற கதைகளில் ஒன்றுதான் என்று அவர் பக்கம் நின்று ஒருவர் வாதாடலாம்.

இதே காலத்து இன்னொரு யூதர் விக்டர் ஃபிராங்கிள், வியன்னாவின் மனநல மருத்துவர், 1905இல் பிறந்தவர். நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிரோடு மீண்டு, 1946இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார். அவர் சொன்னது கிட்டத்தட்ட எதிர்த்திசை. அர்த்தம் இல்லாமல் மனிதனால் உயிர் வாழ முடியாது. ஆனால் ‘வாழ்க்கையே, உனக்கு என்ன அர்த்தம்?’ என்று நாம் கேட்பது தப்பு. கேட்பது வாழ்க்கை, பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்தப் பதிலும் பேச்சில் இல்லை, செய்கையில்.

இரண்டு பேரையும் படித்தவர்கள் தத்துவத்தை ஒப்பிடுவார்கள். எனக்கு உறைப்பது அவர்கள் தங்கள் பெற்றோர் விஷயத்தில் செய்ததுதான். ஃபிராங்கிளுக்கு அமெரிக்க விசா கிடைத்திருந்தது. வயதான தாய் தகப்பனை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அதைக் காலாவதியாக விட்டார். பிறகு எல்லாரும் முகாமுக்குப் போனார்கள். தகப்பனும் தாயும் மனைவியும் திரும்பவில்லை. எல்லாப் பற்றையும் துறந்தவர் என்று நாம் நினைக்கிற ஞானபொனிக்க தேரரோ, 1939இல் வியன்னாவிலிருந்து தம் தாயை இலங்கைக்கு வரவழைத்துக் காப்பாற்றினார். அந்தத் தாய் கொழும்பிலேயே 1956இல் கண்மூடினார். மகனை மட்டும், ஹிட்லரிடமிருந்து தப்பியவர் என்பதையும் பாராமல், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக வெள்ளைக்காரன் பிடித்து முதலில் தியத்தலாவையிலும் பிறகு இந்தியாவில் டேராடூனிலும் அடைத்து வைத்தான். யுத்தம் முடிந்த பிறகுதான் விட்டான்.

காவி கட்டியவரும் கட்டாதவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்: அம்மாவை யார் பார்ப்பது?

அந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் சந்திக்கவில்லை. பன்விலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், என் அம்மாயியின் வாயிலிருந்து கேட்டேன். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1948 முதல் நாடற்றிருந்த மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. பத்து வருடம் கழித்து அந்த மிச்சம் 1,50,000 பேரையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா, தங்கச்சி இலங்கை என்று ஆனது. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம்மாட்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’.

அம்மாயிக்கும் தாத்தாவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அம்மாயியின் தம்பி குடும்பம் போய் நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் சேர்ந்தது. கடல் தாண்டிப் போயும் அதே கொழுந்து. அம்மாயி மட்டும் கோச்சி ஏறவில்லை. படுக்கையில் கிடந்த அவருடைய ஆத்தாளுக்கு இலங்கைப் பக்கம் பெயர் விழுந்திருந்தது. “நா போய்ட்டா ஆத்தாள யாரு பாக்குறது?” என்பதற்கு மேல் அந்த முடிவுக்கு அவர் விளக்கம் சொன்னதில்லை.

இதைச் சொல்லி அம்மாயியைப் புனிதவதி ஆக்கும் உத்தேசம் எனக்கில்லை. போயிருக்க வேண்டும் என்று கடைசிவரை முணுமுணுத்தவர் அவர். தம்பி வீட்டுக்குக் கல்நார் ஓடு போட்டான் என்று கடிதம் வந்த அன்று, செத்து எத்தனையோ காலமாகியிருந்த தன் ஆத்தாளைத் திட்டிக்கொண்டேதான் அடுப்பு மூட்டினாராம். பதில் சொல்லிவிட்டால் மனம் நிறைந்துவிடும் என்று ஃபிராங்கிள் எங்கும் உத்தரவாதம் தரவில்லை, அம்மாயிக்கும் நிறையவில்லை. ஆனால் வாழ்க்கை வெறுமை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெறுமையாக இருக்க நேரமும் இல்லை. விடிய, ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விட வேண்டும், மலைக்கு ஏற வேண்டும், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்கிற மாதிரி தானும் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யூ 1942இல் கிரேக்கப் புராணத்துச் சிசிபஸைப் பற்றி எழுதினார். பாறையை மலையுச்சிக்கு உருட்டுவான், அது உருண்டு விழும், மறுபடி உருட்டுவான்; அவனை மகிழ்ச்சியானவனாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றார். கிள்ளிய இடத்தில் ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி கொழுந்து துளிர்க்கும் தேயிலைக்கு இது பொருத்தம்தானே என்று கேட்கத் தோன்றும். எனக்குச் சரிப்படவில்லை. சிசிபஸுக்குச் சம்பளத்தில் ‘அரைப்பேர்’ என்று பாதியை வெட்டும் நிர்வாகம் இல்லை, பாறையை ஏற்றுமதி செய்து காசு பார்க்கிறவனும் இல்லை.

மலையகத்துப் பெண்களின் பொறுமையை மேடையில் புகழ்கிறவர்கள் ஃபிராங்கிளை மேற்கோள் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். துன்பத்திலும் அர்த்தம் உண்டாம். அவர் அதே புத்தகத்தில் எழுதிய இன்னொன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். தவிர்க்க முடியாத துன்பத்துக்குத்தான் அந்தப் பேச்சு. நீக்கக்கூடிய துன்பமானால் அதன் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள வேலை, வீணாகச் சகிப்பது வீரம் இல்லை என்கிறார். நாள் சம்பளம் 1000 ரூபாய் என்பது 2021இல் வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை வருடம் தெருவில் நிற்க வேண்டியிருந்தது! லயத்தின் ஓட்டை வழியாக ஒழுகும் மழை விதி அல்ல. ஓடு மாற்றினால் நிற்கும்.

அம்மாயி போகாமல் நின்றதன் விலை, கொடுத்த கடவுச்சீட்டு காலாவதியாகி, இங்கேயும் பிரஜை இல்லை அங்கேயும் இல்லை என்று கழிந்த வருடங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அடையாள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பிறகு வந்த தேர்தலில், பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து அழைத்துப் போக, தோட்டத்துப் பாடசாலையில் தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டார். வெளியே வந்ததும் கேட்டேன்.

“யாருக்குப் போட்டீங்க அம்மாயி?”

“ஒங்கிட்ட எதுக்குடா சொல்லணும்?”