நோயாளி இல்லையா, கணக்கு இல்லையா?

சென்ற இதழில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வக்காலத்து வாங்கியவர், ஒரு துருப்புச்சீட்டை முன்னால் வைத்து ஐந்து பக்கம் ஓட்டியிருக்கிறார். இத்தனை காலமாக இந்தியாவில் ஷீட் செய்கிறார்கள், மாட்டுகிறார்கள். புற்றுநோய் வந்த தொழிலாளி எங்கே, காட்டுங்கள் என்கிறார். காட்டலாம். அதற்கு முன் தேடியது யார் என்று அவர் சொல்ல வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போனபின் நுரையீரலில் புற்று தலைகாட்டப் பெரும்பாலும் 15 முதல் 40 ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து வயதில் ஷீட் அறுத்தவன் அறுபதில் இருமிக்கொண்டு வருவான். அதற்குள் ஆலை கைமாறியிருக்கும், மேஸ்திரி செத்திருப்பார். ஆஸ்பத்திரியில் “பீடி குடிப்பியா?” என்று தவறாமல் கேட்பார்கள், “வாலிபத்துல என்ன வேலை பார்த்தே?” என்று கேட்பவர் அபூர்வம். எக்ஸ்ரே படத்தில் நிழல் தெரிந்தால் பல சமயம் முதலில் டிபி மாத்திரைதான். இப்படி ஒருவனை எழுதாமலே விட்டுவிட்டு, ஏட்டில் அவன் பெயர் இல்லை என்று சாதிப்பதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்.

நோய் தாமதமாக வரும் என்பது உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. 1995 ஜனவரியில் வந்த தீர்ப்பு, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. நோயே வராத தொழிலுக்கு நாற்பது வருட ஏடு எதற்கு? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் அட்டவணையிலும் ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய் தொழில்நோயாகவே இடம்பெற்றது. நம் சட்டம் ஒப்புக்கொண்டதைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் பேனாவைத் திறந்திருக்கிறார். (தினக்கூலிக்கு வந்து ஷீட் மாட்டிவிட்டுப் போகிறவனுக்கு அந்த ஏடும் கிடையாது என்பது வேறு கதை.)

அடுத்து, பழியைத் தூக்கிச் சிகரெட் மேல் போடுகிறார். இங்கேதான் வசமாக மாட்டிக்கொள்கிறார். புகைப்பவருக்கு நுரையீரல் புற்று வருகிறது என்று 1950இல் பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து நிறுவியவர் ரிச்சர்ட் டால். அதே டால்தான் 1955இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்தவர்களை ஆராய்ந்து, அவர்களுக்கு நுரையீரல் புற்று மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று எழுதினார். அதை வெளியிடவிடாமல் தடுக்க ஆலை நிர்வாகம் முயன்றது, அவர் வெளியிட்டார். சிகரெட்டைக் கூண்டில் ஏற்றியவரே ஆஸ்பெஸ்டாஸையும் ஏற்றியிருக்கிறார். ஒரு குற்றவாளியைக் காட்டி இன்னொருவரை விடுவிக்கச் சொல்வது என்ன வாதம்?

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கொதிகலன், குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை போட்ட தொழிலாளர்களைப் பற்றி ஆய்வாளர் செலிகாஃபின் குழு 1979இல் சொன்னது: புகையும் தூசியும் இல்லாதவனுக்கு 1 என்றால், தூசி மட்டும் பட்டவனுக்கு 5, புகை மட்டும் பிடித்தவனுக்குச் சுமார் 11. கூட்டினால் 16தானே? இரண்டும் சேர்ந்தவனுக்கு வந்தது 50க்கும் மேல். பீடி பிடிக்கும் தொழிலாளியைத் தூசியிலிருந்து காப்பாற்ற மற்றவனைவிட அதிகக் காரணம் இருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். அவன் பீடியை விட்டால் ஆபத்து குறையும், சந்தேகமில்லை. ஆனால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவுக்குப் புகையிலையோடு தொடர்பே இல்லை. பிரிட்டன் 1999இல் ஆஸ்பெஸ்டாஸை முற்றாக நிறுத்தியது. இன்றும் அங்கே ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் அந்த நோயில் சாகிறார்கள். அவர்களை எந்த பீடிக் கணக்கில் எழுதுவார்?

நாம் இறக்குமதி செய்வது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கிரிசோடைல், அது சாது என்கிறார். மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ் வகைகள் அதைவிடக் கொடியவை. அந்த அரை உண்மை அவருக்கே இருக்கட்டும். நுரையீரல் புற்றுக்கு அந்தச் சலுகை செல்லாது. ராச்டேலில் பெரும்பாலும் ஓடியது வெள்ளைதான். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் ஆஸ்பெஸ்டாஸ் நெசவாலையில் ஏறக்குறைய முழுவதும் வெள்ளை. அங்கும் நுரையீரல் புற்று ஏறித்தான் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையும் முதல் பிரிவில்தான், அதாவது மனிதருக்குப் புற்று தருபவை என்ற பிரிவில்தான், வைத்திருக்கிறது.

சிமென்ட்டில் இழை பூட்டப்பட்டிருக்கிறதாம். கட்டிங் மெஷின் வைத்து ஷீட்டைக் காய்ந்தபடியே அறுக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். 2018இல் கஜா புயல் டெல்டாவில் நொறுக்கிய ஷீட்டுகளைப் பொறுக்கி அள்ளியவர்களிடம் போய் இந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லட்டும். உடையாமல் தலைக்கு மேலே கிடக்கும் கூரையைப் பார்த்து யாரும் வீட்டைவிட்டு ஓடச் சொல்லவில்லை. அறுப்பவன், துளை போடுபவன், உடைப்பவன், அவன் சட்டையைத் துவைப்பவள்: பேச்சு இவர்களைப் பற்றி.

கடைசியாக, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உண்மையில் விஷமென்றால் அபாயகரமான ரசாயனங்களின் வணிகத்துக்கான ராட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்த்திருப்பார்களே என்று மடக்குகிறார். அந்தப் பட்டியலில் சேர்ந்தால் தடைகூட இல்லை. வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டித் தகவல் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். உடன்படிக்கையின் நிபுணர் குழு சேர்க்கச் சொல்லியும், விற்கும் ரஷ்யாவும் கஜகஸ்தானும் மறுத்திருக்கின்றன. வாங்கும் இந்தியாவும் சேர்ந்து மறுத்திருக்கிறது. விற்பவர் கை எவ்வளவு நீளம் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு கதை: இலங்கை 2018 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை நிறுத்தக் கிளம்பியது. 2017 டிசம்பரில், சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் கொழும்பு ஆஸ்பெஸ்டாஸ் தடையைத் தள்ளிப்போட்டது, ரஷ்யாவும் தேயிலைத் தடையை விலக்கிக்கொண்டது. இந்த முடிவை எந்த நுரையீரல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்று அடுத்த இதழில் அவர் சொல்லட்டும்.